யானை வீட்டில் வைஃபை

வெங்கடப்பன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அந்த வீட்டுச் சட்டம் அது. அவர் மனைவி ஜோதியம்மாள் தினசரிக் காலண்டரை அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்துத்தான் தேதி கிழிக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் ஃப்ரிட்ஜின் தலையில் மல்லாந்து கிடக்கிறது. மணி தெரிய வேண்டுமென்றால் முக்காலி போட்டு ஏறிப் பார்க்க வேண்டும். "செவுத்துக்கு என்ன, வலிக்கப் போவுதா?" என்று அவள் ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள். கட்டின புருஷனைத் திருத்துவதைவிடக் காலண்டரைச் சாய்த்து வைப்பது சுலபம் என்று பிறகு விட்டுவிட்டாள்.

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டில், ஃபேக்டரி ஆட்களுக்காக எழும்பிய லேஅவுட்டுகள் முடிந்து ரோஜாத் தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் அந்த வீடு நிற்கிறது. கீழ்வீடு, அதன்மேல் இரண்டு மாடி, வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு. ஊரில் அதற்கு யானை வீடு என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் வாசலில் சிமெண்டு யானை ஏதாவது இருக்கும் என்று தேடுவார்கள். ஒன்றும் இருக்காது. யானையே வந்து முட்டினாலும் அசையாது என்று அவர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வந்த பெயர் அது.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. வெங்கடப்பன் பிறந்தது தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டோரத்து ஊரில். அவருக்கு மீசை அரும்பிய வயதில் ஒரு வருஷம் ராகி நன்றாக விளைந்தது. அடித்துத் தூற்றி மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கினார்கள். வாசனை பிடித்து வந்த யானை மண்சுவரைத் தலையால் ஒரு தள்ளு தள்ளியது. மூட்டையை இழுத்துப் போட்டுத் தின்றது. வயிறு நிறைந்ததும் போய்விட்டது. சுவருக்கு உள்பக்கம் படுத்திருந்தவள் அவருடைய அம்மா மாரம்மா. உயிருக்கு ஒன்றுமில்லை, கால்தான் அதற்குப் பிறகு நேராகவில்லை. கடைசிவரை அவள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தாள்.

யானைமேல் அவருக்குக் கோபமே கிடையாது. "அது பசிக்கு வந்துச்சு, தின்னுச்சு, போச்சு. அது மேல என்னா தப்பு? செவுருன்னு ஒண்ணு நின்னுச்சே, அதுக்கு வெக்கம் வாணாமா?" என்பார். கோபமெல்லாம் சுவர்மேல்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் ஊர்ப்பக்கம் வந்து, தளி ரோட்டில் நிலம் பிடித்து, ரோஜா போட்டுப் பிழைத்து மேலே வந்தார். கையில் நாலு காசு சேர்ந்ததும் வீட்டை ஆரம்பித்தார். செங்கல் வேண்டாம் என்றார். கிருஷ்ணகிரிச் சீமையில் கருங்கல்லுக்கா பஞ்சம்? ஒன்றரை அடி கனத்துக்குக் கல்சுவர் எழுப்பினார். தளத்துக்கு மேஸ்திரி சொன்ன கம்பியைப்போல் இரண்டு மடங்கு கட்டச் சொன்னார். ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி, கதவுக்கு வெளியே இன்னொரு இரும்புக் கதவு. மேஸ்திரி வெறுத்துப்போய், "ஏங்க, ஊடு கட்டறமா, டேமு கட்டறமா?" என்று கேட்டார்.

"நீ கட்டுப்பா. பின்னால தெரியும்."

பின்னால் தெரியத்தான் தெரிந்தது, ஆனால் வேறு விதமாக.

மாரம்மா அந்த வீட்டில் சில வருஷம் நிம்மதியாக இருந்தாள். கைத்தடியால் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாள். அவள் போன பிறகும் அவள் படம் பூஜை அலமாரியில் சாய்ந்தபடிதான் நின்றது. அம்மா படத்துக்காகக்கூட வெங்கடப்பன் ஓர் ஆணி இறக்கவில்லை. அந்தச் சுவரை எழுப்பியதே அவளுக்காக; அதில் ஓட்டை போடுவது அவளுக்கே செய்கிற துரோகம் என்பது அவர் நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பாசம் முற்றினால் பாதிப் பேருக்கு அப்படித்தான் ஆகிறது.

மகன் ஹரீஷ்குமார் ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் ஷிப்டுக்குப் போகிறவன். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் இரண்டாவது மாடியைப் புதிதாகக் கட்டி, "இது ஒங்களுக்கு" என்று சாவியைக் கொடுத்தார். மருமகளாக வந்தவள் பிரியதர்ஷினி. குருபரப்பள்ளியில் ஹைவே ஓரத்தில் ஓட்டல் வைத்திருப்பவரின் மகள். லாரிக்காரர்கள் நடுவில் வளர்ந்ததால் தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் இந்தி என்று எல்லாம் நாக்கில் நிற்கும். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளில் பில் போடுகிற சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினால் இவளைக் கூப்பிடுவார்கள். இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசியே சரி செய்து கொடுப்பாள்.

வெங்கடப்பனுக்கு அந்த வேலை புரியவில்லை. அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்தப் பெண் களி தின்கிறாள்.

அவருக்கு மத்தியானம் ராகிக் களி இல்லாமல் ஆகாது. ஜோதியம்மாளுக்குச் சோறு, மகனுக்கு ஃபேக்டரி கேன்டீன். இத்தனை வருஷமும் அவர் தனியாகத்தான் உருண்டையை விழுங்கிக்கொண்டிருந்தார். பிரியதர்ஷினி வந்த முதல் வாரம், "எனக்கும் ஒரு உருண்டை போடுங்க அத்தை" என்று தட்டை நீட்டினாள். கொள்ளுச் சாற்றில் தோய்த்து, பல்லில் படாமல் விழுங்கினாள். வெங்கடப்பன் தன் கையிலிருந்த களியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லுல படாம முழுங்கற மருமவ எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்று அன்றைக்குத் தோட்டத்தில் வேலை செய்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. களி கிண்டி இறக்கியதும் அவர் படிக்கட்டின் அடியில் நின்று, "பிரியாம்மா, களி" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் இரண்டு மாடி இறங்கி ஓடி வருவாள். ஓடித்தான் வர வேண்டும். அவர் யாருக்காகவும் காத்திருக்கிற ஆளில்லை. "ஆறுன களியும் செட்டான காங்கிரீட்டும் ஒண்ணு" என்பது அவர் சித்தாந்தம். தின்றுகொண்டே அவள் அன்றைய ரோஜா விலை கேட்பாள், ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்ட கோமாளிக் கேள்விகளைச் சொல்வாள். அந்த அரை மணி நேரத்துக்காகவே அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போனார் என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

இந்த நேரத்தில்தான் சிக்னல் வந்து குறுக்கே நின்றது. வராமல் நின்றது என்று சொல்ல வேண்டும்.

இன்டர்நெட் லைன் கொடுத்தவர்கள் போட்ட பெட்டி கீழ்வீட்டுச் சமையலறையில் இருந்தது. ஏன் சமையலறை என்றால், ஜோதியம்மாள் கணக்கில் கரண்டில் ஓடுவதெல்லாம் நெருப்பு; நெருப்புக்கு இடம் அக்னி மூலை. தென்கிழக்கில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், எவர்சில்வர் பாத்திர அடுக்குக்குப் பின்னால் அதைக் குடிவைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். பெட்டி அங்கே சௌக்கியமாகத்தான் இருந்தது. இரண்டாவது மாடியில் பிரியதர்ஷினியின் முகம்தான் கம்ப்யூட்டரில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. ஆஸ்பத்திரிக்காரர்கள் புகார் செய்தார்கள். கடைசியில் அவளுடைய மேனேஜர் சொல்லிவிட்டார்: வீட்டில் லைன் சரியாகாவிட்டால் அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து தினமும் ஆபீசுக்கு வர வேண்டும்.

ஓசூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குத் தினமும் போய் வருவது மனுஷர் செய்கிற காரியமில்லை. ஹரீஷ்குமார் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சந்தாபுரம் பக்கம் வாடகைக்கு ஒரு ஊடு பாத்துக்கறம்ப்பா. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துடறோம்."

வெங்கடப்பனுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "ஒரு பொட்டிக்கோசரம் யாராச்சும் ஊட்ட உட்டுட்டுப் போவாங்களா? நல்ல பொட்டியா ஒண்ணு வாங்கிப் போடறேன், இரு" என்றார்.

மறுநாளே பாகலூர் ரோட்டில் சிவராஜ் என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். வெங்கடப்பன் அதுவரை யோசித்து வாங்கியவை நிலமும் மாடும்தான். நிலத்தைத் தூக்கிப் பார்க்க முடியாது. அதனால் ரவுட்டரை மாடு வாங்குவதுபோல் வாங்க உட்கார்ந்தார். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நிற்கிற ஆன்டெனாக்களைப் பிடித்து அசைத்து, "கொம்பு ஸ்ட்ராங்கா இருக்குதா?" என்றார். விலை பேசும்போது கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று. சந்தையில் துண்டை மூடி உள்ளே விரல் பிடித்துத்தான் விலை முடிப்பார்கள். நல்லவேளை, நடுவில் கண்ணாடி மேசை இருந்தது.

சிவராஜ் பொறுமைசாலி. "எத்தன மாடிங்ணா?" என்று கேட்டார்.

"இருக்குது ரெண்டு மூணு."

"செவுரு எப்படிங்ணா? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா?"

இங்கேதான் வெங்கடப்பன் வழுக்கினார். ஊரெல்லாம் தன் சுவர் பெருமையைக் கொட்டுகிற மனுஷர், கேட்க வேண்டியவர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டார். சந்தையில் மாடு வாங்க வந்தவன் தன் வீட்டு நிலவரத்தைச் சொல்லக் கூடாது. எத்தனை ஏக்கர், என்ன அவசரம், எதையும் சொல்லக் கூடாது. சொன்னால் விற்கிறவன் தலையில் ஏறி உட்காருவான். நாற்பது வருஷத்துச் சந்தைப் புத்தி அவரை அப்படிப் பேசவைத்தது.

"எல்லா ஊட்லயும் இருக்கற சாதாரண செவுருதாம்பா. நீ பொட்டியக் காட்டு."

சாதாரணச் சுவருக்கு ஏற்ற பெட்டியை சிவராஜ் காட்டினார். அவர் காட்டியதை விட்டுவிட்டு, எட்டுக் கொம்பு இருந்த ஒன்றை வெங்கடப்பன் வாங்கி வந்தார். ஜோதியம்மாள் அதற்கும் பொட்டு வைத்து அதே அக்னி மூலையில் ஏற்றினாள். கீழ்வீட்டு டி.வி.யில் படம் நிற்காமல் ஓடியது. முதல் மாடியில் கொஞ்சம் வந்தது. இரண்டாவது மாடிக்குப் போய், "எப்படிம்மா?" என்றார்.

"பரவால்ல மாமா. முன்னைக்கு இது தேவல" என்றாள் பிரியதர்ஷினி. அவள் முகத்தைப் பார்த்தால் தேவலையாகத் தெரியவில்லை.

மறுபடியும் கடைக்குப் போனார். இந்த முறை சிவராஜ், ஜோடியாக வருகிற பெட்டிகளைக் கொடுத்தார். மாடிக்கு ஒன்றாக வைத்தால் ஒன்றுக்கொன்று ஒயர் இல்லாமல் பேசிக்கொள்ளும் என்றார். சுவரைப் பற்றி மறுபடியும் கேட்டார். "சொன்னனேப்பா" என்று வெங்கடப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் கொண்டுவந்து வைத்ததில் அந்தப் பெட்டிகள், மனஸ்தாபம் வந்த பங்காளிகள் மாதிரி, ஒன்றோடொன்று பேசவே இல்லை. மேல்மாடிப் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டியபடி தனியாக உட்கார்ந்திருந்தது.

"நம்ப ஊட்டுக்கே வந்து பாத்துடறேன்" என்று சிவராஜ் கிளம்பி வந்தார். வாசலில் நின்று வீட்டை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். சத்தமே வரவில்லை.

"என்னங்ணா இது? சாதாரண செவுருன்னு சொன்னீங்க?"

"யாவாரத்துல அப்படித்தா சொல்லுவாங்க."

"நான் என்ன மாடாங்ணா விக்கறேன்?" சிவராஜ் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "இது கல்லு. தளத்துல வேற கம்பி வல மாதிரி இருக்கும்போல. இதுல எத்தன கொம்பு வெச்ச பொட்டியா இருந்தாலும் வேலைக்காவாது. ஒயரு இழுக்கணும். மாடிக்கு மாடி தளத்துல சின்னதா ஓட்ட போட்டு..."

"ஓட்டன்ற பேச்சே வாணாம்."

வெங்கடப்பன் சொன்ன வேகத்தில் சிவராஜ் இரண்டடி பின்னால் போனார். ஜோதியம்மாள் கண்ணைக் காட்டி சிவராஜை அடக்கினாள். சரி, வெளிப்பக்கமாகவாவது இழுத்துப் பார்ப்போம் என்று படிக்கட்டுக் கைப்பிடியில் ஒயரைக் கட்டி மேலே கொண்டுபோய், வாசல் வழியாக உள்ளே விட்டார். இரும்புக் கதவைச் சாத்தினால் ஒயர் நசுங்கும். அதனால் கதவைத் திறந்தே வைத்தார்கள். பிரியதர்ஷினிக்கு அன்றைக்கு லைன் பிரமாதமாக வந்தது. வெங்கடப்பன் களி உருண்டை ஒன்று கூடுதலாகத் தின்றார். அடுத்த நாள் மலைப்பக்கத்துக் குரங்குகள் வந்தன. ஒயரைக் கயிறு என்று நினைத்தனவோ என்னவோ, தொங்கி, இழுத்து, கடித்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு போயின. யானைக்குக் கட்டிய வீட்டில் குரங்கு புகுந்தது என்று ஊர் சிரித்தது.

வெங்கடப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஹரீஷ்குமார் சந்தாபுரத்தில் வீடு பார்த்துவிட்டு வந்தான். ஜோதியம்மாள் அவர்களுக்குக் கொடுத்தனுப்ப மிளகாய்த்தூள் அரைக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் மட்டும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அப்படி ஒரு நாள் காலையில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதே என்று மொட்டைமாடிக்கு ஏறினார். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. தளிக்காற்று காதைக் கடித்தது. தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில், கவிழ்த்த பக்கெட்டின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தலையில் துப்பட்டாவைச் சுற்றி, ஹரீஷின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பிரியதர்ஷினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடக்கிய குடை. மொட்டைமாடியில் செல்போன் சிக்னல் வரும். அதை வைத்து வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். குடையைப் பார்த்தால் இன்று நேற்று நடக்கிற விஷயமாகத் தெரியவில்லை. மழையிலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் முதுகு அவர் பக்கம் இருந்தது. மேனேஜரோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். வெங்கடப்பனுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு.

"நம் மாவ ஆனெகெ ஹெதரி கட்டித மனெ, சார்" என்றாள் அவள். எங்கள் மாமனார் யானைக்குப் பயந்து கட்டிய வீடு என்கிறாள். அந்தப் பக்கம் மேனேஜர் சிரித்திருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. யானை வந்ததையும், சுவர் விழுந்ததையும், அவருடைய அம்மா கால் போனதையும் சொன்னாள். ஜோதியம்மாள் சொல்லிக் கேட்டிருப்பாள். தளத்தில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு வந்த அன்றைக்கே தெரியும், ஆனால் அந்தச் சுவரில் கை வை என்று அவரிடம் என் வாயால் கேட்க மாட்டேன், அதற்கு நான் அங்கே வந்துவிடுவதே மேல் என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு இந்த வீட்டை விட்டு வர மனசே இல்லை சார் என்றாள்.

வெங்கடப்பன் தொட்டியை மறந்தார். வந்த வழியே சத்தம் போடாமல் இறங்கினார். இரண்டாவது மாடி, முதல் மாடி என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சுவரைப் பார்த்தார். அத்தனை பெட்டி வாங்கி வந்தபோதும் "பரவால்ல மாமா" என்றாளே, எல்லாம் தெரிந்துகொண்டா சொன்னாள்? பெற்ற பிள்ளைகூடத் தன்னை இப்படித் தாங்கியதில்லை என்று நினைத்தார். கண் கலங்கியது. தோள் துண்டால் துடைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குள் போனார்.

"அவனுக்குப் போன் போடு" என்றார் ஜோதியம்மாளிடம்.

"யாருக்கு?"

"ஓட்ட போடறவனுக்கு."

ஜோதியம்மாள் கையிலிருந்த மிளகாய்த்தூள் டப்பாவைக் கீழே வைத்தாள். எங்கே மனசு மாறிவிடுமோ என்று உடனே போனைத் தேடினாள்.

சிவராஜ் பெரிய டிரில்லிங் மிஷினோடு வந்தார். வெங்கடப்பன் சுவரோரமாகக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். அம்மா படத்தின் முன்னால் போய் ஏதோ முணுமுணுத்தார். பிறகு வந்து, "போடு" என்றார். மிஷின் போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. ஆனால் தளத்தில் லேசில் இறங்கவில்லை. ஒரு டிரில் பிட்டு முறிந்தது. இன்னொன்று கம்பியில் மாட்டி நின்றது. சிவராஜ் வியர்த்து வழிய, "ஆனை வராதுங்ணா, சத்தியமா வராது" என்றார். அந்த நிலையிலும் வெங்கடப்பனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு பிரியதர்ஷினி மூச்சிரைக்க இறங்கி ஓடி வந்தாள். மிஷினையும் தரையில் கொட்டிக்கிடந்த கல்தூளையும் பார்த்தாள்.

"மாமா, வாணாம் மாமா. யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நீதா சொல்லவேயில்லியே."

அவள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"பாரு கண்ணு" என்றார் வெங்கடப்பன். "அந்த ஊட்ல செவுரு நிக்கல, எங்கம்மாக்கு கால் போச்சு. இந்த ஊட்ல செவுரு நிக்கறதால நீ போறேன்னா, எனக்கு அந்தச் செவுரும் ஒண்ணுதா, இந்தச் செவுரும் ஒண்ணுதா. உள்ள ஆளுங்க இருக்கறதுக்குத்தானம்மா ஊடு?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜோதியம்மாள் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இவருக்கு இது வெளங்கறதுக்கு எத்தன பொட்டி வாங்க வேண்டியதாப் போச்சு பாரு" என்றாள்.

முதல் தளத்தில் ஓட்டை விழுந்தது. கல்தூள் கொட்டி முடிந்ததும், கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் மேல்வீட்டு வெளிச்சம் பொட்டுப்போல் தெரிந்தது. வெங்கடப்பன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு நின்ற இடத்திலேயே நின்றது. சாயங்காலத்துக்குள் ஒயர் மேலே போய், மாடிக்கு ஒரு பெட்டியாக உட்கார்ந்தது. கீழ்ப்பெட்டியைப் பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சிவராஜ் சொன்னபோதுதான் ஜோதியம்மாள் முரண்டு பிடித்தாள். புருஷன் சுவரையே விட்டுக்கொடுத்த பிறகு தான் மூலையை விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியாது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் குங்குமம் வைத்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

சிவராஜ் மிஷினின் ஒயரைச் சுற்றி வைக்கப் போன நேரத்தில், அவள் ஃப்ரிட்ஜின் மேலிருந்த கடிகாரத்தையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்படியே இதுக்கும் ரெண்டு ஓட்ட."

வெங்கடப்பன் அவளை முறைத்தார். பிறகு பூஜை அலமாரிக்குப் போய் அம்மாவின் படத்தை எடுத்து வந்தார். "மொதல்ல இதுக்கு" என்றார்.

அடுத்த மாசம் முதல் தேதி பிரியதர்ஷினி ஒயிட்ஃபீல்டுக்குப் போகவில்லை. தன் அறையில், மின்விசிறியின் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். சந்தாபுரத்து வீட்டுக்காரரிடம், குடிவரவில்லை என்று ஹரீஷ்குமார் சொல்லிவிட்டான். அரைத்த மிளகாய்த்தூள் வீட்டுக்கே ஆயிற்று.

மத்தியானம் களி இறங்கியது. வெங்கடப்பன் படிக்கட்டடிக்குப் போகவில்லை. புதுப் பழக்கமாக, கூடத்தில் உட்கார்ந்தபடி செல்போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டார். மருமகள் முகம் உறையாமல், பளிச்சென்று வந்தது.

"மாமா, பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு லைன்ல இருக்குது. முடிய நேரமாவும். நீங்க சாப்புடுங்க, ஆறிடும்."

"ஆறட்டும். நீ பாரு."

தட்டை மூடி வைத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜோதியம்மாள் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் புதிதாகச் சுவரில் ஏறியிருந்த கடிகாரத்தையும், அதற்குப் பக்கத்தில் அம்மா முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரியதர்ஷினி இறங்கி வந்தபோது இரண்டு உருண்டையும் கல்லாகியிருந்தது.

"அய்யோ, சாப்புடவே இல்லியா மாமா?"

"ஆறுன களி காங்கிரீட்டுன்னு சட்டம் பேசுவீங்களே" என்றாள் ஜோதியம்மாள், சூடாகக் கொள்ளுச் சாறு கொண்டுவந்து வைத்தபடி.

வெங்கடப்பன் பெருவிரலை உருண்டையின் நடுவில் வைத்து அழுத்தினார். லேசில் இறங்கவில்லை, இன்னும் அழுத்திக் குழி பறித்தார். அதில் சாற்றை ஊற்றிவிட்டு, அது உள்ளே இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காங்கிரீட்டா இருந்தா என்னா?" என்றார். "ஓட்ட போட்டா எல்லாம் எறங்குது."

பிரியதர்ஷினி சிரித்துக்கொண்டே தன் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.